சாலைக் கடையிலே ஒரு சீனக் குதிரை

திருவனந்தபுரத்துக் கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலம் வரையிலும் நீண்டு செல்லும் கடைத்தெருவுக்குச் சாலை என்பது பெயர். திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராசா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடைத்தெருவை அமைத்தார். அக்காலந்தொட்டு நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த தமிழ் வணிகர் பலர் இங்கே கடை வைத்து, வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். மலையாள நாட்டின் தலைநகரிலே நின்றுகொண்டு, காதை மட்டும் திறந்து வைத்தால், திருநெல்வேலிக் கீழைத் தேர்வீதியில் நிற்பதாகவே தோன்றும்.

அத்தெருவிலுள்ள பாத்திரக் கடை ஒன்றிற்கு அண்மையில் நாம் செல்ல நேர்ந்தது. கடைக்காரர் நமக்கு நெடுநாள் பழக்கமானவர். “ஐயா, ஒரு பொருளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்று உள்ளே அழைத்துச் சென்று, மரப்பெட்டியைத் திறந்து, வைக்கோலை நீக்கி, முழங்கை உயரமுள்ள மண் குதிரை ஒன்றை எடுத்து வைத்தார். பழுப்பும் பச்சையும் வெண்மஞ்சளும் ஒன்றோடொன்று உருகி வழிந்த பளபளப்பு, குட்டையாகக் கத்தரித்த பிடரி, முதுகிலே சேணம். மும்பையில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை மகனுக்கு இதை ஒருவர் காட்டி, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சீன நாட்டுக் கல்லறைக் குதிரை என்று சொல்லி, முன்பணமும் பெற்றுவிட்டாராம். வீட்டுமனைக்கென்று அப்பிள்ளை சேர்த்து வைத்திருந்த பணம் அது. மீதியைக் கொடுப்பதற்கு முன்னர் மாமனிடம் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது அவன் செய்த நல்வினை. “மாமா, இதைப் போலத்தான் ஒரு குதிரை சீமையிலே கோடிக்கணக்கில் விலை போயிற்றாம்” என்று தொலைபேசியிலும் சொல்லியிருக்கிறான்.

அவன் சொன்னது பொய்யன்று. 1989-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த ஏலத்திலே இவ்வகைக் குதிரை ஒன்று முப்பது இலட்சம் பவுனுக்கு மேல் விலை போனதுண்டு. இவ்வாறு விலை பெறும் பாவைகள் யாவை, அவை எங்கே பிறந்தன, சேகரிப்பவர் கைக்கு எவ்வாறு வந்தன என்பவற்றை அறிந்தால்தான், பெட்டியிலிருந்த குதிரையைப் பற்றி ஒரு முடிவுக்கு வரமுடியும். வெளிமாநிலங்களிலே வாழும் நம்மவர் பலர்க்கு இத்தகைய பொருள்கள் எதிர்ப்படுவதால், சற்று விரிவாகவே பேசுவோம்.

இறந்தவர்க்கு மறுமையிலும் குறைவிருத்தல் ஆகாது என்னும் எண்ணம் சீன மக்களிடையே மிகப் பழைமையானது. மிகத் தொன்மைக் காலத்தில் அரசர் இறந்தால் ஏவலரையும் குதிரைகளையும் கொன்று உடன் புதைத்தனர். பிற்காலத்தில் உயிர்களுக்குப் பதிலாக மரத்தாலும் மண்ணாலும் உருவங்கள் செய்து வைத்தனர். 1974-ஆம் ஆண்டு வெளிப்பட்ட மண் படைவீரர் அணி இவ்வழக்கத்தின் பெருங்கோலம். அவ்வீரர்க்குப் பளிங்குப் பூச்சு இல்லை; வண்ணம் மட்டும் தீட்டினர். ஆன் மரபினர் காலத்திலே, அதாவது கி.மு. 206 முதல் கி.பி. 220 வரையுள்ள காலத்திலே, ஈயம் கலந்த பச்சைப் பூச்சு வழக்கிற்கு வந்தது. கிணறு, அடுப்பு, நெற்குதிர், பன்றிக் கொட்டில், காவற்கோபுரம் என்று ஒரு பண்ணை வீட்டின் உடைமைகளெல்லாம் சிறு வடிவிலே செய்யப்பட்டுக் கல்லறைக்குள் சென்றன. நமக்குத் தெரிந்தவரை, பெரிய அரசர்களின் பாவைகளைக் காட்டிலும் இந்த அடுப்பும் குதிருமே மனத்தைத் தொடுகின்றன.

கலை வளத்தின் உச்சத்தைக் கண்டது கி.பி. 618 முதல் 907 வரை ஆண்ட தாங் மரபினர் காலம். அக்காலத்துப் பாவைகளின் பூச்சை மூவண்ணம் என்னும் பொருள்பட ‘சன்சாய்’ என்பர். வண்ணங்கள் மூன்றோடு நிற்பதில்லை. அரிதாக நீலமும் உண்டு. செய்முறை எளிது போலத் தோன்றும். வெண்களிமண்ணை அச்சிலே அழுத்தி, உடல், கால், தலை என்று தனித்தனியே எடுத்து, மண்குழம்பால் ஒட்டி, முதலில் பூச்சின்றிச் சுடுவர். பின்னர் ஈயத் துருவும் மணற்பொடியும் கலந்த குழம்பிலே செம்பைச் சேர்த்தால் பச்சை, இரும்பைச் சேர்த்தால் பழுப்பு, கோபால்ட்டைச் சேர்த்தால் நீலம். இவற்றைத் தூரிகையால் தடவி, முதற் சூட்டினும் தாழ்ந்த வெப்பத்தில் மறுபடி சுடுவர். ஈயப் பூச்சு சூளையிலே தேன்போல் உருகி ஓடும் இயல்பினது. ஒரு வண்ணம் மற்றொன்றின் மேல் வழிந்து கலப்பதால் எந்த இரண்டு பாவைகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. வழிந்த பூச்சு சூளைத் தளத்தில் ஒட்டிக்கொள்ளாதிருக்க அடிப்பகுதியைப் பூசாமல் விட்டனர். மனிதப் பாவைகளுக்குப் பெரும்பாலும் முகத்தைப் பூசாமல் விட்டு, சுட்ட பிறகு உதடும் புருவமும் மையால் எழுதினர். ஓடும் பூச்சிலே முகக்குறிப்பு கரைந்துவிடும் அன்றோ!

ஈயப் பூச்சு உணவுக்கு ஆகாது. புளிப்புப் பட்டால் நஞ்சு கசியும். இவ்வகை மட்கலங்கள் பெரிதும் இறந்தோர்க்கே உரியவையாக இருந்தமைக்கு இதுவும் ஒத்தது எனலாம். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியின் பூச்சு இதனின் முற்றிலும் வேறு. அது மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்டு, மண்ணோடு மண்ணாய் இறுகியது. இந்த வேற்றுமையைப் பின்னரும் நினைவுகூர்வோம்.

இனி, எவ்வெவற்றைச் செய்தனர்? குதிரை, ஒட்டகம், அவற்றை நடத்தும் எடுத்த மூக்கும் தாடியும் உடைய மேற்காசிய ஆடவர், சதைப்பற்று மிக்க அரண்மனை மகளிர், அலுவலர், இசைவாணர். கல்லறை வாயிலைக் காக்கும் கொம்பும் சிறகும் உடைய விலங்குகள் இரண்டு. அவற்றோடு கவசமணிந்து, காலின்கீழ் எருதையோ பூதத்தையோ மிதித்து நிற்கும் காவலர் இருவர். இக்காவலரைக் கண்டதும் நம் கோயில் துவாரபாலகர் நினைவுக்கு வருவர். அது வெறுந்தோற்றமன்று. புத்த சமயத்தோடு இந்தியாவிலிருந்து சென்ற திசைக்காவலரான உலகபாலரே சீனத்துக் கவசம் பூண்டு அங்கே நிற்கின்றனர். இன்னாருக்கு இத்தனை பாவைகள், இவ்வளவு உயரம் என்று அரசாங்கமே அலுவல் வரிசைப்படி வரையறுத்திருந்தது. அவ்வரையறையை மீறிச் செலவு செய்தோரும் உண்டு. ஊரார் பார்க்க ஊர்வலமாக எடுத்துச் சென்று புதைத்தனர் என்றால் ஆடம்பரத்திற்குக் கேட்க வேண்டுமா? கி.பி. 755-இல் ஆன் லூசான் என்னும் தளபதி கிளர்ந்தெழுந்து தலைநகரங்களைப் பிடித்தபின் நாடு வறுமையுற்றது. மூவண்ணப் பாவைகளின் பெருவாழ்வும் அதனோடு முடிந்தது.

அதன்பின் ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகள் இவற்றைப் பொருட்படுத்தி எவரும் தேடவில்லை. சீன நாட்டிலே கலைப்பொருள் சேகரிப்பது பழம்பெரும் வழக்கம். வெண்கலக் கலம், பச்சைமணிக்கல், ஓவியம், எழுத்து ஆகியவற்றைச் செல்வர் போற்றினர். ஆயினும் பிணக்குழியில் கிடந்த பொருளை வீட்டிற்குள் வைப்பது தீக்குறி என்று ஒதுக்கினர். நம் பாட்டிமார் சுடுகாட்டுப் பானையை வீட்டு வாயிலில் அனுமதிப்பாரா? அது போன்றதே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலோயாங் நகரை நோக்கி இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. அதற்காக மாங் குன்றுகளை வெட்டியபோது கல்லறைகள் வரிசையாகத் திறந்துகொண்டன. பாவைகள் பீக்கிங் கடைத்தெருவிற்கு வந்தன. லோ சென்யூ என்னும் பேரறிஞர் அவற்றின் சிறப்பை உணர்ந்து வாங்கி, படங்களோடு நூலும் வெளியிட்டார். அயல்நாட்டினர்க்கோ தீக்குறி என்னும் அச்சமே இல்லை. ஓடும் வண்ணங்களைக் கண்டு மயங்கி, கப்பல் கப்பலாக வாங்கிச் சென்றனர். தேவை பெருகவே, இருப்புப்பாதை செல்லாத இடங்களிலும் இரவிலே மண்வெட்டிகள் இயங்கத் தொடங்கின.

சியார்சு யூமோர்போபுலோசு என்பவர் இலண்டனில் வாழ்ந்த கிரேக்க மரபினரான வணிகர். அவர் திரட்டிய பெருந்தொகுப்பை 1930-களில் அங்குள்ள இரண்டு அருங்காட்சியகங்கள் ஒரு நூறாயிரம் பவுனுக்கு வாங்கின. அதிலே அடங்கிய 13 பாவைகள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன: காவல் விலங்குகள், உலகபாலர், அலுவலர், குதிரைகள், ஒட்டகங்கள், அவற்றின் பாகர். அவற்றுட் சில ஒரு மீட்டர் உயரத்தை எட்டுவன. கி.பி. 728-இல் 72-ஆம் அகவையில் இறந்த லியூ திங்சுன் என்னும் படைத்தலைவரின் கல்லறையிலிருந்து வந்தவை என்று அவை சொல்லப்படுகின்றன. ‘சொல்லப்படுகின்றன’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். உலகப் புகழ் பெற்ற இத்தொகுதிக்கே பிறப்பிடச் சான்று அவ்வளவுதான். எந்த அறையில் எது நின்றது, கதவை நோக்கியா பெட்டியை நோக்கியா, வேறு எவை உடனிருந்தன, அவை எங்கே சிதறின என்பன நமக்கு எட்டாதவையாயின.

இதற்கு மாறாக 1957-ஆம் ஆண்டு சீ-ஆன் நகரருகே முறைப்படி அகழப்பட்ட சியன்யூ திங்குய் என்பாரின் கல்லறையை எடுத்துக்கொள்வோம். அவர் புதைக்கப்பட்டது கி.பி. 723. ஒட்டகத்தின் முதுகிலே மேடையிட்டு, அதன்மேல் இசைவாணர் இருந்து பாடும் அரிய பாவை அங்கே கிடைத்தது. ஆண்டு, பெயர், இடம், உடனிருந்த பொருள் எல்லாம் தெளிவு. தேதி தெரிந்த அந்த ஒட்டகத்தை அளவுகோலாகக் கொண்டே தேதி தெரியாத நூறு ஒட்டகங்களின் காலத்தைக் கணிக்கின்றனர். அரசகுமாரி யோங்தாயின் கல்லறையை 1960-களின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, நூற்றுக்கணக்கான பாவைகளோடு, பழங்காலக் கள்வன் ஒருவனுடைய எலும்புக்கூடும் கிடைத்தது. பங்காளிகளே அவனை உள்ளே விட்டுச் சென்றனர் போலும்! இத்தொழிலின் அறம் அத்தகையது.

சீனப் பாவைகளைக் காண இலண்டன் செல்ல வேண்டும் என்பதில்லை. தில்லி வாழ் அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆரல் இசுடைன் என்னும் ஆராய்ச்சியாளர் 1913 முதல் 1916 வரை நடத்திய மூன்றாம் மத்திய ஆசியப் பயணத்தின்போது, 1915-ஆம் ஆண்டு துர்பான் அருகிலுள்ள அசுதானா இடுகாட்டைத் தோண்டினார். அங்கே கிடைத்த பாவைகளுட் பல இன்று புது தில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளன. குதிரை வீரர், காவல் விலங்கு முதலிய அவை தாங் காலத்தனவே. பூச்சு மட்டும் இல்லை; வறண்ட பாலை நிலமாதலால் சுடாத மண்ணிலே வண்ணம் தீட்டி வைத்தது அப்படியே நின்றுவிட்டது. பாவைகளோடு, இறந்தவர் உண்பதற்கு வைத்த பூவடிவப் பலகாரங்களும் காய்ந்து கிடந்தன. இசுடைன் எந்தக் குழியில் எது இருந்தது என்று எழுதி வைத்தார். அதனால் அவற்றுக்குப் பிறப்பிடம் உண்டு. ஆயினும் அவர் எடுத்துச் சென்றது கொள்ளையே என்று சீனர் கருதுவதையும் நாம் மறைத்தல் முறையன்று. ஐதராபாத்தில் வாழ்வோர் சாலார் சங் அருங்காட்சியகத்திலுள்ள சீனப் பகுதியையும் காணலாம்.

சீனத்தோடு நமக்குக் கடல்வழித் தொடர்பு நெடுங்காலமாக உண்டே, இப்பாவைகளும் அக்காலத்திலேயே கப்பலேறி வந்திருக்கலாகாதா என்று கடைக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. தொடர்பு உண்மை. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு சிவன் கோயிலைக் குறிப்பிடுகிறது. இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தை அகழ்ந்தபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் கிடைத்துள்ளன. 2014-ஆம் ஆண்டு கொல்லம் துறைமுகத்தில் தூர் வாரியபோது கடலடியிலிருந்து சீனக் காசுகளும் பீங்கான் உடைசல்களும் வெளிப்பட்டன. பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோர் ஆளுயரம் இல்லாவிடினும் இடுப்பளவு உயர்ந்த சீனச் சாடிகளைப் பார்த்திருப்பர். மலையாள மக்கள் இன்றும் சீனச்சட்டியிலே பொரிக்கின்றனர், சீனவலையிலே மீன் பிடிக்கின்றனர், சீனபரணியிலே மாங்காய் ஊற வைக்கின்றனர்.

சாலை என்னும் பெயரை எடுத்துக்கொண்டாலும் கலம் கூடவே வருகிறது. காந்தளூர்ச் சாலையிலே கலமறுத்ததாக முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறுவதைப் பள்ளியிலே படித்திருப்பீர்கள். அச்சாலை நம் கடைத்தெருவை அடுத்த வலியசாலையே என்பார் சிலர். விழிஞ்ஞம் என்பார் சிலர். கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்னும் வழக்கும் அறிஞரிடையே தீர்ந்தபாடில்லை. நம் பேச்சுக்கு இரண்டும் பொருந்தும்: மரக்கலத்திலே வந்தது உண்கலமே. வாணிகக் கப்பல் ஏற்றி வருவது வாழ்வோர்க்கு வேண்டிய பண்டம். சீனக் கல்லறைக்காகச் செய்த பாவை அங்கேயே ஊர்வலம் சென்று அங்கேயே புதைந்தது. அது நம் துறைமுகத்தில் இறங்க வழியில்லை. ஆகவே, “என் பாட்டனார் காலத்தில் சீனக் கப்பலில் வந்த குதிரை” என்று எவரேனும் சொன்னால், அக்கதையை ஐயத்தோடு கேட்க வேண்டும்.

பெட்டிக் குதிரைக்கு மீள்வோம். அதை நாம் எவ்வாறு பார்த்தோம் எனில், முதலில் கவிழ்த்துப் பார்த்தோம். உண்மைப் பாவைகள் உள்ளே குடையானவை. வயிற்றின்கீழ்ப் பெரும்பாலும் துளை இருக்கும். அதனுள் அச்சில் அழுத்திய விரலடையாளமும் ஒட்டிய மூட்டுகளும் தெரியும். இக்குதிரையின் உட்புறமோ வழவழப்பாக, இக்காலத்து வார்ப்புக் குழம்பை ஊற்றியெடுத்தது போலிருந்தது. பூச்சிலே மயிரிழை வெடிப்புகள் இருந்தன. பழம்பாவைகளின் வெடிப்பு மிக நுண்ணியது. ஓரங்களிலே பூச்சு உரிந்து உதிர்ந்திருக்கும். இதிலோ வெடிப்பு அகலமாக, கறுப்புச் சாயம் தேய்த்தாற்போல் காணப்பட்டது. ஒட்டியிருந்த செம்மண்ணை நனைத்த துணியால் துடைத்ததும் சுத்தமாக வந்துவிட்டது. ஆயிரம் ஆண்டு புதைந்த மண் அவ்வளவு எளிதிற் பிரியாது.

இவை ஐயத்திற்குக் காரணமே அன்றி முடிவல்ல. கண் ஏமாறும், பெரிய அருங்காட்சியகத்தார் கண்ணும் ஏமாந்ததுண்டு. வெப்ப ஒளிர்வு என்னும் சோதனை ஒன்றுண்டு. மண்ணிலுள்ள படிகத் துகள்கள் சுற்றுப்புறத்தின் நுண்கதிர்களை நாள்தோறும் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து வைக்கின்றன. சூளையில் சுடும்போது அச்சேமிப்பு முழுதும் அழிந்து, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மறைவான இடத்தில் சிறிது பொடி துளைத்தெடுத்துச் சூடேற்றினால், சேமிப்பு ஒளியாக வெளிப்படும். ஒளியின் அளவைக் கொண்டு கடைசியாகச் சுட்டது அண்மையிலா, பல நூற்றாண்டுக்கு முன்னரா என்று கூறலாம். ஆக்சுபோர்டில் வளர்ந்த இம்முறை போலிகள் பலவற்றை வெளிப்படுத்தியது. ஆனால், பழங்கல்லறையின் உடைசலைத் துளையிடும் இடத்திலே பதித்து, மற்றதைப் புது மண்ணாற் செய்யும் வித்தையும் பிறந்துவிட்டது. ஐந்து உடைந்த குதிரைகளைச் சேர்த்து ஒரு முழுக் குதிரை ஆக்குவோரும் உளர். சான்றிதழ் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எவ்விடத்துப் பொடியைச் சோதித்தனர் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருத்தல் நலம். இந்தியாவில் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களை உரிமம் இன்றி விற்பது குற்றம். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புதலும் ஆகாது. கலாச்சாரப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்க 1970-இல் உலக நாடுகள் செய்த உடன்பாட்டில் இந்தியா 1977-இலும் சீனா 1989-இலும் சேர்ந்தன. சீனச் சட்டப்படி மண்ணுக்குள் இருப்பதெல்லாம் அரசின் உடைமை. 2009-இல் அமெரிக்காவும், தாங் காலம் வரையுள்ள சீனத் தொல்பொருள்களைச் சான்றின்றி இறக்குமதி செய்வதைத் தடுத்தது. மும்பையில் குதிரை விற்றவரிடம் உரிமமும் இல்லை, பழைய பற்றுச்சீட்டும் இல்லை. ஆகவே குதிரை உண்மையாயின் விற்றது குற்றம். பொய்யாயின் விற்றது மோசடி. இதைக் கேட்ட கடைக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “எப்படிப் பார்த்தாலும் பிள்ளை பணம் போச்சு என்கிறீர்கள்” என்றார்.

“அண்ணாச்சி, மீதிப் பணமாவது மிஞ்சிற்றே” என்றோம். அது ஆறுதலாக இல்லை என்பது நமக்கும் தெரிந்தது.

பேச்சு பிறகு வேறு திசையிலே சென்றது. அவருடைய முன்னோர் தாமிரபரணிக் கரையினர். ஆதிச்சநல்லூருக்கு அருகிலுள்ள சிற்றூர். ஆதிச்சநல்லூர்ப் பரம்பிலே நம் முதுமக்கள் தாழிகள் புதைந்து கிடந்தன. 1876-ஆம் ஆண்டு யாகோர் என்னும் செருமானியர் வந்து தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அலெக்சாந்தர் இரியா என்பார் அகழ்ந்தெடுத்த வெண்கல விளக்குகளும் விலங்குருவங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இரியா எடுத்தவற்றிற்குக் குறிப்பும் பட்டியலும் உண்டு. அவற்றைக் கொண்டு நாம் நம் முன்னோரைப் பற்றிப் பேசுகிறோம். குறிப்பின்றிப் போனவை வெறும் பழம்பொருளாய் எங்கோ நிற்கும். இன்று அதே இடத்தில், அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடித் தளமிட்டு, தாழிகள் கிடந்தபடியே காணுமாறு 2023-இல் காட்சிக்கூடம் திறந்துள்ளனர். அதன்மேல் நடப்பவர் குனிந்து பார்த்தால் காலடியிலே பாட்டன் பாட்டி உறங்கும் தாழி.

அத்தாழியுள் இருந்த சிறு கலம் ஒன்றை நாளை சீன நகரில் ஒருவர் தம் வரவேற்பறையிலே அழகுக்கு வைத்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று கடைக்காரரே கேட்டார், நாம் கேட்கவில்லை. ஊரெல்லையில் அய்யனாருக்கு வேளார் செய்து நிறுத்திய மண்குதிரையை நள்ளிரவில் பெயர்த்தெடுத்து நகரத்து மாளிகையில் நிறுத்துவதும் அத்தகையதே. லியூ திங்சுன்னின் குதிரையும் ஒரு மகன் தன் தந்தைக்கு வைத்ததாகவே இருக்கலாம்.

இவ்வளவும் கேட்டபின், சீனக் கலையின்மேல் ஆசை கொண்ட தமிழர் எதைத்தான் சேகரிப்பது என்று நேயர்கள் வினவக்கூடும். நம் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்வோம்: கல்லறைப் பாவைகளை அருங்காட்சியகத்திலே கண்டு மகிழுங்கள், வீட்டிலே ஏற்கெனவே இருப்பதைச் சேகரியுங்கள். சேகரிப்பது என்றால் விலைக்கு வாங்குவது மட்டுமன்று. பழுப்புப் பூச்சும், தோளிலே கயிறு கோக்கும் சிறு காதுகளும், சில சமயம் சுற்றி வளையும் பறவைநாக உருவமும் உடைய பெருஞ்சாடிகள் தென்சீனச் சூளைகளிலிருந்து கப்பலில் எண்ணெயும் நெய்யும் இஞ்சி ஊறுகாயும் நிரப்பி வந்தவை. பர்மாவின் மார்த்தபான் துறைவழி வந்தமையால் அவற்றுக்கு அவ்வூர்ப் பெயரே ஏற்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் இபுனு பதூதா, மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பிட்டு அடைத்த மார்த்தபான் சாடிகளைத் தமக்குப் பரிசளித்ததாக எழுதியுள்ளார். தில்லியிலும் இலக்னோவிலும் வாழும் நம் பெண்மணிகள், அண்டை வீட்டார் ஊறுகாய்ச் சாடியை ‘மர்த்தபான்’ என்று அழைப்பதைக் கேட்டிருப்பர். அதுவே இது.

எல்லாச் சாடியும் சீனச் சாடி அன்று. கொல்லத்தை அடுத்த குண்டறையிலும் நம் இராணிப்பேட்டையிலும் செய்த பீங்கான்கள் ஏராளம். பம்பாய்க் கப்பலில் வந்த சீமைச் சாடிகளும் உண்டு. அவையும் இகழத்தக்கன அல்ல. அடியைக் கவிழ்த்து முத்திரை உண்டா என்று பாருங்கள். உயரம், வாய் அகலம், காதுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். யார், எந்த ஆண்டு வாக்கில், எந்த ஊரில் வாங்கினார், அதில் எதை வைத்தனர் என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வீட்டைக் காலி செய்யும்போது பழைய இரும்புக்காரனுக்கு முதலில் போவது சாடியே. அதனோடு இச்செய்திகளும் போய்விடும்.

மறுவாரம் நாம் சாலைக்குச் சென்றபோது, குதிரை மும்பைக்குத் திரும்பியிருந்தது. முன்பணத்திற் பாதியைத் திருப்பித் தருவதாக அங்கே பேச்சு நடக்கிறதாம். கடைக்காரர் பின்கட்டிற்கு அழைத்துப் போய், படிக்கட்டின்கீழ் இருளில் நின்ற பழுப்புச் சாடி ஒன்றைக் காட்டினார். தோளிலே காதுகள் ஆறு, ஒன்று உடைந்திருந்தது. பாட்டனார் கொல்லத்துக் கடைத்தெருவில் வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தது என்று அவருடைய அத்தை சொல்லியிருந்தார். நாம் நூலெடுத்து அளக்கத் தொடங்கினோம். மூடியைத் திறக்கலாமா என்றதற்கு, “பார்த்துத் திறங்கள் ஐயா, புளி கிடக்கு” என்றார்.